கப்பல்துறைச் சாவடியில் ஒரு மர விமானம்

விமானப் பொறியாளர்கள் வருடம் ஒருமுறை கூடிப் பேசுவதற்கு உலகத்தில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. வானத்தில் சத்தம் கேட்டால் ஜனங்கள் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுப் பதுங்க இடம் தேடுகிற ஊராகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். திருகோணமலை. சண்டை முடிந்துவிடவில்லை, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு நிறுத்தி வைத்திருந்த காலம். வெளிநாட்டு விருந்தாளிகள் நாலு பேர் வந்து தேநீர் குடித்தால் அமைதி வந்துவிட்டதாக ஊர் நம்பும் என்று யாரோ யாருக்கோ சொல்லியிருக்க வேண்டும். அழைப்பிதழில் துறைமுகத்தின் படம். அதன் மேல் வெள்ளைப் புறா. புறாவின் இறக்கைக்கு அடியில் இரண்டு ஜெட் எஞ்சின். அதை வரைந்தவர் யாரென்று தெரியவில்லை. அந்த மாநாட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னவர் அவர் ஒருவர்தான் என்று பிறகு எனக்குத் தோன்றியது.

நான் விஞ்ஞானி இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் பட்டறையில் தச்சு வேலை பார்க்கிறேன். விமானம் படிக்கிறவர்களுக்கு மரத்தில் சின்ன விமானம் செய்து கொடுப்பது என் வேலை. அதை ஒரு பெரிய குழாய்க்குள் மாட்டி, ஒரு முனையில் ராட்சச விசிறியைச் சுழல விட்டு, காற்றில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பார்கள். அந்தக் குழாயை நாங்கள் டனல் என்போம்.

எங்கள் புரொபசர் ஒரு புது இறக்கை வரைந்திருந்தார். அதன் முன்விளிம்பு கத்தி போல இருக்கும். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் இறக்கைக்குக் காற்றுப் பிடிப்பு விட்டுப்போய்க் கல் மாதிரி விழும். கத்தி விளிம்பு இருந்தால் இன்னும் சீக்கிரம் விழும் என்று எல்லாரும் சொன்னார்கள். விழாது என்றார் எங்கள் சார். நான் தேக்கில் செதுக்கினேன். முனை பிய்ந்தது. மறுபடி செதுக்கினேன். மறுபடி பிய்ந்தது. மூன்றாம் முறை பிய்ந்ததும் விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் உருட்டி, பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்துவிட்டேன். சாரிடம் சொல்லத்தான் போனேன். அவர் தொலைபேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். நான் கூச்ச சுபாவம். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் டனலில் வைத்தார்கள். மூக்கைத் தூக்கத் தூக்க அது விழவே இல்லை. சார் குதித்தார். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. வாயில் கேக்கை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் சொல்வதை இன்னும் கடினமாக்கியது. சார் கட்டுரை எழுதினார். ஒரு கம்பெனி அவருடைய வரைபடத்தை அப்படியே வைத்து இரண்டு பேர் உட்காரும் விமானம் கட்ட முன்வந்தது. அதை முதலில் ஓட்டிப் பார்க்க ஒரு விமானியையும் அமர்த்தினார்கள். மதுரைக்காரர். நாங்கள் அவரைக் கேப்டன் என்று கூப்பிடுவோம். தினக்கூலியாக இருந்த என்னை நிரந்தரமாக்க எழுதிப் போடுவதாகச் சார் வாக்குக் கொடுத்தார். மாநாடு முடியட்டும் என்றார். மேடையில் காட்ட மாதிரியைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டும், உடைந்தால் ஒட்டவும் ஆள் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து என்னைக் கூட்டிப் போனார்கள்.

முதல் நாள் காலை வேனில் திருகோணமலையை நெருங்கினோம். சார், கேப்டன், இன்னும் மூன்று பேராசிரியர்கள், நான், என் மடியில் பலகைப் பெட்டி. வேன் ஓட்டியவர் கிண்ணியாக்காரர், நிஸ்தார் என்று பெயர். நாற்பது வயதிருக்கும். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மாநாட்டுக்காரர்கள் எல்லா அட்டையிலும் ஒரேயடியாக ‘டாக்டர்’ என்று அச்சடித்துவிட்டுப் பெயரைப் பிறகு எழுதியிருந்தார்கள். நான் டாக்டர் ஏகாம்பரம் ஆகியிருந்தேன். மாற்றச் சொல்லிக் கேட்கவும் கூச்சம்.

கப்பல்துறையில் ராணுவச் சாவடி. அங்கே ஒரு வழக்கம். வேன் ஒரு வழியாகப் போகும், அதில் வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி இன்னொரு வழியாக நடந்து போக வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் ஜனம் நடந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. பையைத் திறந்து காட்டி, மூடி, அடுத்த அடி வைத்தார்கள். எங்கள் ஊரில் ரேஷன் கடை வரிசையில் நடக்கும் சண்டையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. எங்கள் பேராசிரியர்கள் மட்டும்தான் முணுமுணுத்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.

“ஐயா, நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். நான் கதைக்கிறன்” என்றார் நிஸ்தார்.

சார் கேட்கவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த கோப்ரல் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளை விமானத்தைப் பார்த்து, சிங்களத்தில் இது என்ன என்று கேட்டதுதான் தாமதம், சார் காற்றோட்டத்தைப் பற்றி வகுப்பு எடுக்கத் தொடங்கினார். பத்து நிமிடம். கோப்ரல் மரியாதையாகக் கேட்டார். பிறகு நிஸ்தாரிடம் நாலு வார்த்தை சொன்னார்.

“என்ன சொல்றான்?” என்றார் சார்.

“உங்கட ஆள் களைச்சுப் போனார், குடிக்கத் தண்ணி வேணுமா எண்டு கேக்கிறார்.”

சாமான் என்றால் தாள் வேண்டும் என்றார் கோப்ரல். தாளில் உள்ளது சாமானில் இருக்க வேண்டும், சாமானில் உள்ளது தாளில் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் முத்திரை குத்தி விடலாம். சார் பெருமையாகப் பையிலிருந்து இறக்கையின் வரைபடத்தை எடுத்து நீட்டினார். எல்லா அளவும் இருக்கிற பெரிய தாள். முன்விளிம்பின் அளவும் அதில் இருந்தது.

சாமான் இங்கேயே இருக்கட்டும், சரிபார்க்க வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார் கோப்ரல். சார் சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார். “பாவம், அவனுக்கு என்ன புரியப் போவுது? தலைகீழா வச்சுப் பார்ப்பான்” என்றார். பேராசிரியர்கள் சிரித்தார்கள். நான் வெளியே பார்த்தேன். கோப்ரல் வரைபடத்தை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் நாலு கல் வைத்துக்கொண்டிருந்தார். நேராகத்தான் வைத்திருந்தார்.

விடுதி துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருந்தது. அப்படி ஒரு துறைமுகத்தை நான் கண்டதில்லை. சென்னையில் கடல் என்றால் அது எதிரே நின்று கத்திக்கொண்டிருக்கும். இங்கே அது மலைகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து அடங்கிப் போயிருந்தது. மீன்பிடி வள்ளங்கள் ஒரு பக்கம், கடற்படைப் படகுகள் ஒரு பக்கம். வள்ளங்களுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்கு இருந்தது. கடற்படைக்கு இல்லை.

மதியச் சாப்பாட்டில் மாநாட்டுக்காரர்களுக்குத் தனி மேசை போட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கும் வெள்ளையாக ஒரு கோழியும் வைத்தார்கள். உப்பில்லை, உறைப்பில்லை. அமைதிக் காலத்துச் சாப்பாடு போலிருக்கிறது. பரிமாறுகிறவர் பெயர் தவராசா. திரியாய்க்காரர், அங்கே வயல் இருந்ததாம், இப்போது இங்கே தட்டு தூக்குகிறார். நான் உருளைக்கிழங்கைத் தள்ளித் தள்ளி விளையாடுவதைப் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தார்.

“டொக்டர், குசினியில எங்களுக்கு வச்ச சோறும் மீன் குழம்பும் கிடக்கு. வாறியளா?”

போனேன். சிவப்பரிசிச் சோறு, பாரை மீன் குழம்பு, தேங்காய்ச் சம்பல், பாலாட்டம் ஒரு சொதி. எனக்கு முன்பே அந்தச் சமையலறையில் ஒருவர் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேப்டன்.

“வாங்க ஏகாம்பரம்! மேல இருக்கறதச் சாப்பிட்டா நாளைக்கு எந்திரிக்க முடியாது. இந்தத் தலையை நீங்க எடுத்துக்கங்க. நான் ரெண்டு தின்னுட்டேன்.”

நல்ல மனிதர். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மீன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை எழுந்து வெளியே வந்தால் முற்றத்தில் மான்கள். நிஜ மான்கள். இந்த ஊரில் மாடு போல மான் தெருவில் திரிகிறது. வாசல் மேசையில் அடுக்கியிருந்த ஆய்வுச் சுருக்கப் புத்தகங்களில் ஒன்றை ஒரு புள்ளிமான் நிதானமாக மென்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கம் தின்றுவிட்டு நிறுத்திக்கொண்டது. மூன்றாம் பக்கத்தைத் தாண்டி யாருமே போவதில்லை என்று பக்கத்தில் நின்ற ஒரு பேராசிரியரே சொன்னார்.

காலை அமர்வில் ஓர் அறிஞர் விமானச் சத்தத்தைப் பற்றிப் பேசினார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குச் சத்தத்தால் எவ்வளவு எரிச்சல் வருகிறது என்று ஒன்றிலிருந்து பத்து வரை மதிப்பெண் போடச் சொல்லிக் கேட்டாராம். தவராசா தேநீர்த் தட்டோடு என் வரிசைக்கு வந்தார். அறிஞர் சொன்னதில் அரைகுறையாக விளங்கியதை அவருக்குச் சொன்னேன்.

“எரிச்சல் எண்டா என்ன மாதிரி, ஐயா?”

“தூக்கம் கெட்டுப் போவது, தொலைக்காட்சி சத்தம் கேட்காமல் போவது.”

தவராசா கொஞ்சம் யோசித்தார். “எங்கட ஆக்களைக் கேட்டா அந்தாளுக்குப் பத்து வரைக்கும் இருக்கிற இலக்கம் காணாது” என்றார்.

அந்த நேரம் பார்த்து, தூரத்தில் சீனக்குடா விமானத் தளத்தின் பக்கமிருந்து ஓர் இரைச்சல் கிளம்பியது. தவராசா கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தார். கதவோரம் நின்ற இன்னொரு பணியாளர் சுவரோடு ஒட்டினார். துடைப்பத்தோடு நின்ற பெண் துடைப்பதை நிறுத்தினாள். மூவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். அறிஞர்களோ எழுந்து சன்னலுக்கு ஓடினார்கள். மேகத்துக்கு மேல் இருந்தது, தெரியவில்லை. ஒருவர் இரட்டை எஞ்சின் என்றார். இன்னொருவர் ஜெட் என்றார். சார் இரண்டும் இல்லை என்று மூன்றாவதாக ஒன்று சொன்னார். வாக்குவாதம் வந்துவிட்டது.

“இது பழைய சகடை ஐயா. சாமான் ஏத்திக்கொண்டு போகுது. பயமில்லை” என்று சொல்லித் தவராசா தட்டைத் தூக்கினார். “குண்டு போடுற கிபிர் எண்டா நாங்கள் இப்பிடிக் கதைச்சுக்கொண்டு நிக்க ஏலாது.”

மேகம் விலகியது. நாலு எஞ்சின் போட்ட பழைய சரக்கு விமானம் அசைந்து அசைந்து போனது. அறிஞர்கள் உட்கார்ந்தார்கள். சத்தத்தைப் பற்றிய உரை தொடர்ந்தது.

மத்தியானம் எல்லாரையும் கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப் போனார்கள். சுற்றுலாவுக்குப் போகாத ஒரே ஆள் நான். “நீதான் சும்மா இருக்கியே, போய் மாடலை வாங்கிட்டு வா” என்று சார் அனுப்பிவிட்டார். நிஸ்தார் தன் தம்பியின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டார். பாதி வழியில் ஓட்டோ நின்றது. இறங்கித் தள்ளினேன். டாக்டர் தள்ளுவதைப் பார்த்து நிஸ்தாருக்குச் சங்கடம்.

“விடுங்க டொக்டர், நான் தள்ளுறன்.”

“நான் டாக்டர் இல்லை. தச்சன்.”

நிஸ்தார் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. “அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணன்! ரெண்டு நாளா உங்களோட கதைக்கப் பயந்துபோய்க் கிடந்தன்” என்றார். நானும் அதே பயத்தில்தான் இருந்தேன் என்று சொன்னேன். ஓட்டோ கிளம்பிவிட்டது. வழியில் ஒரு கடையில் எருமைத் தயிரும் அதன் மேல் ஊற்ற வெல்லப்பாகு மாதிரி ஒரு பாணியும் வாங்கிக் கொடுத்தார். அந்தத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது. சாருடைய இறக்கை கூட அதனிடம் பாடம் கேட்கலாம்.

சாவடியில் அதே கோப்ரல். மேசையில் என் விமானம். பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் மர அளவுகோல், ஒரு கத்தரிக்கோல், வெட்டிய பிஸ்கட் பெட்டி அட்டை. என்னைக் கண்டதும் அவர் அட்டையைத் தூக்கிக் காட்டினார். வரைபடத்தில் இருக்கும் இறக்கையின் வடிவத்தை அப்படியே அட்டையில் வெட்டியிருந்தார். அதைக் கொண்டுபோய் இறக்கையின் மேல் பொருத்தினார். மேலே சரி. கீழே சரி. முன்விளிம்பில் மட்டும் அட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.

இதை நாங்கள் டெம்ப்ளேட் என்போம். தச்சன் மட்டும்தான் இப்படிப் பார்ப்பான். கல்லூரியில் மூன்று மாதம் அந்த விமானத்தைச் சுற்றி நின்றவர்களில் ஒருவர் கூட இப்படி ஓர் அட்டையை வெட்டிப் பார்த்ததில்லை. அவர்கள் தாளை நம்பினார்கள். இவருக்கு யாரையும் நம்பக் கூடாது என்பதுதான் வேலை.

கோப்ரல் என் சட்டையில் இருந்த டாக்டர் அட்டையைப் படித்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். இடது கட்டை விரலில் உளி பட்ட தழும்பு. அவர் தன் இடது கட்டை விரலை நீட்டினார். அதே இடத்தில் அதே தழும்பு. நிஸ்தார் மொழிபெயர்த்தார்.

“மொறட்டுவ ஆளாம் அண்ணன். அப்பா, பெரியப்பா எல்லாரும் தச்சு வேலையாம். இதைச் செஞ்சது நீங்களா எண்டு கேக்கிறார்.”

தலையை ஆட்டினேன்.

கோப்ரல் விளிம்பை விரலால் தடவினார். சிரித்துக்கொண்டே சொன்னார். நிஸ்தாரும் சிரித்தார். “பிஞ்சிருக்குமே, என்ன? தேக்கில இப்பிடி முனை நிக்காது, நான் எண்டாலும் வழிச்சிருப்பன் எண்டு சொல்றார். உங்கட பெரியவருக்குத் தெரியுமா எண்டும் கேக்கிறார்.”

தலையை இடமும் வலமும் ஆட்டினேன். சொந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததை, மொழி தெரியாத நாட்டில், துப்பாக்கி மாட்டிய ஒருவரிடம் இரண்டு தலையாட்டலில் சொல்லி முடித்துவிட்டேன். கோப்ரல் சிரிப்பதை நிறுத்தினார்.

“இதில ஆள் ஏறுமா எண்டு கேக்கிறார்.”

“இதில் ஏறாது. இந்தத் தாளைப் பார்த்துப் பெரிதாக ஒன்று கட்டுவார்கள். அதில் ஏறும்.”

நிஸ்தார் சொன்னதைக் கேட்டுக் கோப்ரல் வரைபடத்தை என் பக்கம் திருப்பி, பேனாவைக் கொடுத்தார். சட்டம் சட்டம்தான். தாளும் சாமானும் ஒத்துப்போக வேண்டும். சாமானை மாற்ற ஏலாது, தாளை மாற்றலாம். உள்ள அளவை எழுதிச் செய்தவரே கையெழுத்துப் போட்டால் முத்திரை குத்தித் தருவார். ஊரைவிட்டுப் போகும்போது இதே தாளும் இதே சாமானும் சேர்ந்து வர வேண்டும்.

எழுதினேன். ‘முனை பிய்ந்ததால் முன்விளிம்பு இரண்டு மில்லி உருட்டப்பட்டது. மாடலில் இருப்பது இந்த விளிம்பு. வரைபடத்தில் இருப்பது வேறு. ஏகாம்பரம், தச்சர்.’ ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதிய நீளமான எழுத்து அதுதான். கோப்ரல் முத்திரை குத்தினார்.

மாலையில் சாரிடம் பெட்டியையும் தாளையும் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஒரு முறை, இரண்டு முறை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தாளை என் கையிலேயே திணித்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

“ஏகாம்பரம், நீ இதை எழுதலை. நான் இதைப் பார்க்கலை. ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம். கிழிச்சுப் போட்டுடு.”

“போகும்போது தாளைக் கேட்பாங்க சார்.”

“வேற காப்பி இருக்கு. அதைக் காட்டிக்கலாம். உன் வேலை விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கு.”

சரி சார் என்றேன். ‘சரி சார்’ சொல்லாமல் அவருடைய அறையிலிருந்து நான் வெளியே வந்ததே இல்லை. ஆனால் கிழிக்கவில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கம்பளித் துணியைத் தூக்கி, தாளை அதற்குள் வைத்து, மேலே விமானத்தைப் படுக்க வைத்தேன். வீரம் எல்லாம் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளைக் கிழிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் சாருடைய உரை. மேடையில் என் விமானம் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. பின்னால் திரையில் கத்தி விளிம்பு வரைபடம். இரண்டுக்கும் நடுவில் சார் நின்றுகொண்டு, இது அதுதான் என்றார். கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து, இத்தனை நாள் உலகம் நம்பியதையே நீங்கள் மாற்றிவிட்டீர்கள் என்றார். உலகத்தை மாற்றியது உப்புத்தாள். கடைசி வரிசையில் நான் நாற்காலிக்குள் புதைந்து கிடந்தேன். இந்த ஊரில் அதைக் கதிரை என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அன்றைக்கு அது முள்ளாகத்தான் இருந்தது.

அந்த வருடத்தின் சிறந்த ஆய்வு என்று சாருக்கு விருது கொடுத்தார்கள். ஒரு முழ உயரத்தில் பித்தளை ராக்கெட், கூரான மூக்கு, அடியில் மரப்பீடம். பீடத்தின் இழைப்பு சரியில்லை.

குசினியில் கேப்டன் எனக்கு முன்பே இருந்தார். புட்டும் நண்டுக் கறியும்.

“உங்க கையால செஞ்சதுதானே ஏகாம்பரம்? பெரிசு வந்ததும் நான்தான் மொதல்ல மூக்கைத் தூக்கிப் பார்க்கணும். நெசமாவே விழாதுல்ல?”

தவராசா எனக்குப் புட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கையும் நின்றது போலிருந்தது.

“மரம் நல்ல மரம் கேப்டன்” என்றேன்.

கேப்டன் சிரித்துவிட்டு நண்டுக் காலை உடைத்தார். அன்றைக்கு நான் சாப்பிட்டது எதுவும் உள்ளே இறங்கவில்லை. என்னைப் போன்ற கோழை நாக்குக்கு அந்த நண்டு அதிகம்.

நாலாம் நாள் காலை திரும்பும் பயணம். கப்பல்துறையில் மறுபடி வேன் ஒரு வழி, நாங்கள் ஒரு வழி. மேசையில் அதே கோப்ரல். சார் முகம் கொஞ்சம் மாறியது. வேறு ஆள் இருப்பான் என்று நினைத்திருந்தார். பெட்டியைத் திறந்து, பையிலிருந்து புதுக் காப்பியை எடுத்து நீட்டினார்.

கோப்ரல் திருப்பிப் பார்த்தார். முத்திரை இல்லை. தலையை அசைத்தார்.

“இந்தத் தாள் இல்லையாம் ஐயா. முந்தாநாள் எழுதினது எங்கே எண்டு கேக்கிறார்” என்றார் நிஸ்தார்.

“அது தொலைஞ்சு போச்சு.”

“அப்ப சாமான் போக ஏலாதாம்.”

சார் நெற்றியைத் துடைத்தார். பின்னால் பஸ் ஜனம் நிற்கிறது. “சரி, இருக்கட்டும். வெறும் மரம்தானே? இங்கேயே வச்சுக்கச் சொல்லு. எல்லாரும் கிளம்புங்க” என்றார்.

வெறும் மரம். மூன்று மாத வேலை. மூன்று முறை பிய்ந்தது. அது அங்கேயே தங்கிவிட்டால், சரிபார்க்க உலகத்தில் வேறு பொருள் கிடையாது. மிஞ்சுவது தாள் மட்டும். தாளை நம்பி ஒருவர் மூக்கைத் தூக்கப் போகிறார். அந்த ஒருவர் இரண்டு அடி தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து விமானத்தைத் தூக்கி மேசையில் வைத்தேன். கம்பளித் துணியை உரித்தேன். தாளை எடுத்தேன். சார் கையை நீட்டினார். நான் அதைக் கேப்டனிடம் கொடுத்தேன்.

கேப்டன் பல்குச்சியை எடுத்துவிட்டுப் படித்தார். என் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும், படிக்க நேரமாகாது. கோப்ரல் தன் மேசை இழுப்பறையிலிருந்து அந்த பிஸ்கட் அட்டையை எடுத்து இறக்கையில் பொருத்திக் காட்டினார். வெளிச்சம் தெரிந்தது. கேப்டன் குனிந்து அந்த வெளிச்சத்தை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“சார், இது என்ன?” என்றார்.

“அது ஒரு சின்ன விஷயம் கேப்டன். கணக்குப் போட்டா அதுக்குத் திருத்தம்...”

“ஏகாம்பரம், நீங்க சொல்லுங்க.”

பஸ் ஜனம், நாலு சிப்பாய்கள், மூன்று பேராசிரியர்கள், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் அத்தனை பேர் என்னைப் பார்த்ததில்லை, கல்யாணத்தன்று கூட.

“விழாமல் நின்றது இந்த உருட்டின விளிம்புதான் கேப்டன். சார் வரைந்த இறக்கையை டனலில் யாரும் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை. அப்படி ஒன்றை நான் இன்னும் செய்யவே இல்லை.”

கேப்டன் என் எழுத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு தாளைக் கோப்ரலிடம் கொடுத்தார். கோப்ரல் தாளையும் சாமானையும் ஒத்துப் பார்த்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதி, இரண்டாவது முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்தார். கேப்டன் அதை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“அதையும் செஞ்சு வச்சுப் பார்த்துட்டு என்னைக் கூப்பிடுங்க சார்” என்றார் சாரிடம். “அதுவரைக்கும் நான் தரையிலேயே இருக்கேன்.”

சார் என்னைப் பார்த்தார். என் நிரந்தர வேலை அந்தப் பார்வையில் ஒரு தரம் எரிந்து சாம்பலானது. ஆச்சரியம், பசித்தது. நான்கு நாளில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது.

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டேன். சார் தன் பையை எடுத்தபோது கோப்ரல் கையைக் காட்டி நிறுத்தினார். பையிலிருந்து பித்தளை மூக்கு எட்டிப் பார்த்தது. வெளியே எடுத்து மேசையில் நிறுத்தினார். சிப்பாய் ஒருவன் ஓரடி பின்னால் போனான்.

“இது என்ன எண்டு கேக்கிறார்” என்றார் நிஸ்தார்.

“விருது. எனக்குக் கொடுத்தது.”

“வரும்போது இருந்ததா?”

“இல்லை, இங்கேதான் கொடுத்தாங்க.”

“தாள் இருக்கா?”

சார் பையைத் துழாவினார். தாள் இல்லை. ராக்கெட் வடிவத்தில், உலோகத்தில், தாள் இல்லாமல் ஒரு சாமான். கோப்ரல் வருத்தத்தோடு தலையை அசைத்தார். மேலதிகாரி நாளைக்கு வருவார், அவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றார். எங்களுக்கு நாளைக்கு என்று ஒரு நாள் அங்கே இல்லை. ரசீது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சார் வேனை நோக்கி நடந்தார்.

நிஸ்தார் வண்டியைக் கிளப்பினார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். சீனக்குடாப் பக்கமிருந்து நல்ல காற்று. மேசையில் இருந்த தாள்கள் எல்லாம் படபடத்தன. கோப்ரல் பழைய நாலு கற்களையும் ஒதுக்கிவிட்டு, அந்தப் பித்தளை ராக்கெட்டைத் தூக்கித் தாள்களின் நடுவில் வைத்தார். ஒரு தாள் கூட அதற்குப் பிறகு பறக்கவில்லை.